ஏரிக்கரையில் கூடிய ஆயுசு

ஃபின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில், கோலி என்றொரு குன்று இருக்கிறது. உயரம் 347 மீட்டர்தான். உச்சியில் வெளுத்த பாறை. அதன்மேல் நின்று கிழக்கே பார்த்தால் பியெலினென் ஏரி விரிகிறது. ஏரிக்குள் நீளநீளமாகத் தீவுகள், கரையெல்லாம் பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்கள். ஓவியர் ஏரோ யார்னெஃபெல்ட் இந்தக் காட்சியை வரைந்து வரைந்து அலுக்காதவர். அவருடைய மைத்துனர் யான் சிபெலியஸ், அந்நாட்டின் பெரும் இசையமைப்பாளர், 1909-ல் அவரோடு இங்கே வந்து போனார். போன கையோடு எழுதத் தொடங்கிய நான்காவது சிம்பொனியை யார்னெஃபெல்ட்டுக்கே அர்ப்பணித்தார். ஃபின்லாந்துக்காரர் ஒருவரிடம் உங்கள் நாட்டை ஒரே படத்தில் காட்டுங்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கோலி உச்சியிலிருந்து எடுத்த படத்தைத்தான் நீட்டுவார்.

இந்தக் குன்று இருக்கும் மாகாணத்துக்கு வட கரேலியா என்று பெயர். 1960களில் இங்கே நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். ஓர் ஊரில் ஒரு வீட்டுக்கு நேர்ந்த துயரம் அல்ல அது, ஊர் ஊராக நடந்தது. அன்று உலகில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மிக அதிகமாக இறந்த இடங்களில் வட கரேலியா முதல் வரிசையில் நின்றது.

யோசித்துப் பாருங்கள். அள்ளிக் குடிக்கலாம் போன்ற ஏரித் தண்ணீர், புகை காணாத காற்று, வாசலைத் தாண்டினால் காடு, நாள் முழுக்க உடலுழைப்பு. நகரத்து நெரிசலில் மூச்சு முட்டும்போது நாம் கனவு காண்பதெல்லாம் அவர்களிடம் இருந்தது. ஆயுசு மட்டும் இல்லை.

'வாழ்க்கைத் தரம்' என்ற பேச்சு வந்தாலே இன்று ஃபின்லாந்தின் பெயர் அடிபடுகிறது. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அதற்கே முதலிடம். உடனே ஏரியையும் காட்டையும் பனியையும் படமெடுத்துப் போட்டு, 'இயற்கையோடு வாழ்கிறார்கள், அதனால் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்' என்று எழுதிவிடுகிறோம். வட கரேலியாவின் கதை தெரிந்தால் அப்படி எழுத மனம் வராது. ஏரியும் காடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேதான் இருக்கின்றன. நல்ல வாழ்க்கை வந்து ஐம்பது ஆண்டுதான் ஆகிறது.

வெண்ணெயும் விதவைகளும்

அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1950களின் இறுதியில் ஏழு நாடுகளின் ஆண்களை எடுத்துக்கொண்டு, என்ன சாப்பிடுகிறார்கள், இதயம் எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். இத்தாலி, கிரீஸ், ஜப்பான், அமெரிக்கா, நெதர்லாந்து, யூகோஸ்லாவியா ஆகியவற்றோடு ஃபின்லாந்தும் அந்தப் பட்டியலில் இருந்தது. கிழக்கு ஃபின்லாந்துக்காக அவர் தேர்ந்த இடம் வட கரேலியாவின் இலோமன்ட்ஸி. கிரேக்கத் தீவான கிரீட்டில் மாரடைப்பு அரிதாக இருந்தது. இலோமன்ட்ஸியில்தான் எல்லா இடத்தையும்விட அதிகம்.

காரணம் தேடினால் போருக்குப் போய் நிற்கிறது. சோவியத் ரஷ்யாவோடு 1939-க்கும் 1944-க்கும் இடையில் இரண்டு போர்கள். முடிவில் கரேலியாவின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு மேற்கே வந்தார்கள். அவர்களுக்கும் போர் வீரர்களுக்கும் அரசு நிலம் கொடுத்தது. அதில் எவ்வளவோ நிலம் காட்டைத் திருத்தி எடுத்த துண்டு நிலம். கோடையில் நாலைந்து பசுக்கள், குளிர்காலத்தில் மரம் வெட்டும் கூலி என்று பிழைப்பு ஓடியது. பசி கண்ட தலைமுறை அது. வீட்டுப் பசுவின் பாலில் கடைந்த வெண்ணெயை ரொட்டியில் கெட்டியாகப் பூச முடிந்ததே அவர்களுக்கு வாழ்ந்துவிட்டோம் என்பதற்கான அடையாளம். முழுக் கொழுப்புள்ள பால், பன்றி இறைச்சி, உப்பிட்ட மீன் என்று தட்டு நிறைந்தது. காய்கறியையும் கீரையையும் மாட்டுத் தீனி, முயல் தீனி என்று ஒதுக்கினார்கள். ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் புகைபிடித்தார்கள்.

இந்த இடத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டினி கிடந்தவர் நெய்யைப் பார்த்து மயங்குவது எந்த ஊரிலும் நடப்பதுதானே.

1971 ஜனவரியில் அந்த மாகாணமே ஒன்றுகூடி அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியது. ஆளுநர் எஸா டிமோனென் தலைமையில், எல்லாக் கட்சி மக்கள் பிரதிநிதிகளும் உள்ளூர் அமைப்புகளும் கையெழுத்திட்டார்கள். எங்கள் ஆண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டு, 1972-ல், வட கரேலியா திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் பெக்கா புஸ்கா. மருத்துவமும் சமூக அறிவியலும் படித்தவர். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த வயதில் மருத்துவர் ஒருவர் ஊருக்குள் போய், 'பெரியவரே, வெண்ணெயைக் குறையுங்கள்' என்றால் யார் கேட்பார்கள்? புஸ்காவுக்கு அது தெரிந்திருந்தது. நோயாளியை ஒவ்வொருவராகத் திருத்துவது ஆகிற காரியமில்லை, ஊரின் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று தீர்மானித்தார். ஊரின் பழக்கம் எங்கே இருக்கிறது? அடுப்படியில்.

மார்த்தாக்கள்

ஃபின்லாந்தில் மார்த்தா என்ற பெண்கள் அமைப்பு 1899-லிருந்து இருக்கிறது. சமையல், தோட்டம், வீட்டு நிர்வாகம் என்று ஊர்தோறும் கிளை விரித்த அமைப்பு. திட்டக்காரர்கள் அவர்களிடம் போனார்கள். கணவனையோ அண்ணனையோ மண்ணில் வைத்துவிட்டு வந்த பெண்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு வகுப்பெடுத்து விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஊர்க்கூடங்களில் 'நீடூழி வாழும் விருந்து' என்று பொருள்படும் பெயரில் சமையல் விருந்துகள் நடந்தன. மார்த்தாக்கள் கரேலியாவின் பாரம்பரியக் குழம்பையே எடுத்துக்கொண்டார்கள். அது இறைச்சியைப் பானையில் போட்டு அடுப்பில் மணிக்கணக்காக வேகவிடுவது. இறைச்சியைக் குறைத்து, கிழங்கையும் காரட்டையும் கூட்டினார்கள். கொழுப்பையும் உப்பையும் குறைத்தார்கள். பெயர் மாறவில்லை, பானை மாறவில்லை, ருசி கொஞ்சம் மாறியது. ஊரார் வந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுச் செய்முறையைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பாட்டி கையால் சாப்பிட்ட குழம்பை நிறுத்து என்று சொல்லாமல், அதையே திருத்திக் கொடுத்ததில்தான் அந்தப் பெண்களின் சாமர்த்தியம் இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் இதற்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஊரில் யார் சொன்னால் நாலு பேர் கேட்பார்களோ, அவர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் இப்படிச் சேர்ந்தார்கள். கடைக்காரர் இருந்தார், பண்ணைக்காரர் இருந்தார், சங்கத் தலைவி இருந்தார். உள்ளூர் ரொட்டிக்கடைகளிடம் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். தொத்திறைச்சி செய்பவர்களிடம் கொழுப்புக்குப் பதிலாகக் காளான் சேர்க்கச் சொன்னார்கள். செவிலியர்கள் ரத்த அழுத்தம் பார்த்து ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுதித் தொடர்ந்து கவனித்தார்கள்.

பால் பண்ணையாளர்கள் கொதித்தார்கள். வெண்ணெய்தான் அவர்கள் சோறு. பால் கூட்டமைப்பு எதிர்ப்பு விளம்பரங்களில் இறங்கியது. இதற்கும் ஊர் ஒரு வழி கண்டது. வட கரேலியாவின் கோடை குறுகியது என்றாலும் பெர்ரிப் பழங்களுக்கு ஏற்றது. பால் மாடு வைத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பெர்ரி பயிரிட உதவி கிடைத்தது. குளிர் தாங்கி விளையும் கடுகு இனத்து எண்ணெய்வித்து ஃபின்லாந்து வயல்களில் பரவியது, சமையலுக்கு உள்நாட்டு எண்ணெய் வந்தது. பாலுக்குக் கொழுப்பின் அளவை வைத்து விலை போடும் வழக்கம் மாறிப் புரதத்துக்கு மதிப்பு வந்தது. 1976-ல் நாடாளுமன்றம் புகையிலைச் சட்டம் இயற்றி விளம்பரத்தைத் தடை செய்தது.

ஐந்தாண்டுக்கென்று தொடங்கிய திட்டத்தின் பாடங்கள் 1977-க்குப் பிறகு நாடு முழுக்கப் போயின. 1969–71 கணக்கோடு ஒப்பிட்டால், வட கரேலியாவில் 35 முதல் 64 வயதுக்கு உட்பட்ட ஆண்களின் மாரடைப்பு மரணம் நாற்பது ஆண்டுக்குள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மருந்தும் அறுவை சிகிச்சையும் பிற்பாடு கை கொடுத்தன. ஆனால் சரிவின் பெரும்பங்குக்குக் காரணம் கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை மூன்றும் குறைந்ததே என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஏரி, அதே காடு, அதே குளிர். மாறியது தட்டில் இருந்தது.

யாருடைய காடு?

இத்தனையையும் சொல்லிவிட்டு, ஏரியும் காடும் வாழ்க்கைக்கு ஒன்றும் தரவில்லை என்று நான் வாதாட வரவில்லை. தருகின்றன. ஆனால் அங்கும் இயற்கை தானாகத் தரவில்லை, ஒரு ஏற்பாடு தருகிறது.

ஃபின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடு. சிறு குட்டைகளையும் சேர்த்து எண்ணினால் 1,88,000 ஏரிகள், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்டவை மட்டும் 56,000. மக்கள் தொகை 56 லட்சம். காட்டில் பாதிக்கு மேல் தனியார் குடும்பங்களுக்குச் சொந்தம். நமக்கோ தனியார் காடு என்றால் வேலி, பூட்டு, 'அனுமதியின்றி நுழையாதீர்' பலகை எல்லாம் கண்முன் வந்துவிடும். அங்கே 'எல்லாருக்குமான உரிமை' என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. காடு யாருடையதாக இருந்தாலும் யாரும் நடந்து போகலாம், பனிச்சறுக்கில் போகலாம், ஓரிரு இரவு கூடாரம் அடிக்கலாம், பெர்ரியும் காளானும் பறிக்கலாம், ஏரியில் நீந்தலாம், படகு விடலாம். சாதாரணத் தூண்டிலில் மீன் பிடிக்கக் கட்டணம் இல்லை. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கவும் கட்டணம் இல்லை. இந்த உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் என்றும் இல்லை, நேற்று வந்து இறங்கிய வெளிநாட்டவருக்கும் உண்டு.

வரம்புகளும் உண்டு. வீட்டு முற்றத்துக்குள் போகக்கூடாது. விளைந்த வயலை மிதிக்கக்கூடாது. நிலக்காரர் அனுமதியில்லாமல் நெருப்பு மூட்டக்கூடாது. மரத்தை வெட்டக்கூடாது, குப்பை போடக்கூடாது. வேலி இல்லாத இடத்தில் அவரவர் அடக்கம்தான் வேலி.

வடக்கிலும் கிழக்கிலும் நெடுங்காட்டுக்குள் நடப்பவர்களுக்காகத் திறந்த குடில்கள் இருக்கின்றன. ஆளில்லை, பூட்டில்லை, வாடகையில்லை. உள்ளே ஓர் அடுப்பு, படுக்கப் பலகை, வெளியே விறகு. அங்கே எழுதப்படாமலே எல்லாரும் காக்கும் நெறி ஒன்று உண்டு. கடைசியாக வந்து சேர்பவருக்கே முதல் உரிமை. முன்பே வந்து ஓய்வெடுத்தவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் புறப்பட வேண்டும். பனியில் நடந்து களைத்து வந்தவருக்குத்தான் கூரை அதிகம் தேவை என்பது அதன் நியாயம். போகும்போது அடுத்து வருபவருக்காக விறகைப் பிளந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். வழிப்போக்கருக்காகத் திண்ணை கட்டி வைத்த நம் பாட்டன்மாருக்கு இது சொல்லாமலே விளங்கியிருக்கும்.

ஏரிக்கரை மரவீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டில் 5 லட்சத்துக்கும் மேல் கோடை வீடுகள் இருக்கின்றன. பணக்கார விடுதி என்று நினைத்துவிட வேண்டாம். பலவற்றில் குழாய்த் தண்ணீர் கிடையாது, ஏரியில் வாளியில் மொண்டு வர வேண்டும். கழிப்பறை வெளியே. கூடவே ஒரு சவுனா. நாட்டில் மொத்தம் 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாகக் கணக்கு, அதாவது இரண்டு பேருக்கு ஒன்று. சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்கார்ந்து, வேர்த்து விறுவிறுத்து, ஓடிப்போய் ஏரியில் விழுவார்கள். அமைச்சரும் மரவெட்டியும் ஒரே பலகையில் துணியில்லாமல் உட்காரும் இடம் அது. யுனெஸ்கோ 2020-ல் அந்த வழக்கத்தைக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

செத்த ஏரியை எழுப்பியவர்கள்

தெற்கே லாஹ்தி நகரம் வெசியார்வி என்ற ஏரியின் கரையில் இருக்கிறது. அந்த ஏரியைப் பல பத்தாண்டுகள் நகரத்தின் சாக்கடையாகப் பயன்படுத்தினார்கள். 1976-ல் கழிவுநீரை வேறு பக்கம் திருப்பினார்கள். தண்ணீர் தெளியும் என்று காத்திருந்தார்கள். தெளியவில்லை. 1980களிலும் கோடை வந்தால் நீலப்பச்சைப் பாசி மிதந்து நாற்றமெடுத்தது.

காரணத்தை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏரியின் அடிச் சேற்றில் பழைய பாஸ்பரஸ் படிந்து கிடந்தது. கெண்டை வகைச் சிறு மீன்கள் பெருகி, பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களை எல்லாம் தின்று தீர்த்தன. பாசியைத் தின்ன ஆளில்லை. வழி இதுதான்: சிறு மீனைப் பிடி, நுண்ணுயிர் பெருகட்டும், பாசியை அது பார்த்துக்கொள்ளும். 1989-லிருந்து 1993 வரை ஆயிரம் டன்னுக்கும் மேல் சிறு மீன்களை வலைபோட்டு வெளியேற்றினார்கள். அவற்றைத் தின்னும் வேட்டை மீன்களின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஊர்க்காரர்களும் தாமாக வந்து வலை இழுத்தார்கள். தண்ணீர் தெளிந்தது. அந்த லாஹ்திதான் 2021-ல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகராக இருந்தது. ஏரியைக் காக்கும் வேலை இன்றும் நடக்கிறது. ஒருமுறை கெட்ட ஏரியை ஒரேயடியாகக் குணப்படுத்திவிட முடியாது, ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைநகர் ஹெல்சிங்கி கடற்கரையில் இருக்கிறது. குடிதண்ணீர் மட்டும் உள்நாட்டு ஏரியான பையான்னேயிலிருந்து வருகிறது. பாறையைக் குடைந்து 120 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி 1982-ல் முடித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறார்கள்.

நிலம் முளைக்கும் கடற்கரை

கடற்கரைக்கு வந்தால் இன்னொரு விசித்திரம். மேற்கே வாசா நகரத்துக்கு எதிரே குவார்க்கென் தீவுக்கூட்டம். பனியுகத்தில் மூன்று கிலோமீட்டர் தடிமனில் அழுத்திக்கிடந்த பனிப்பாறை உருகிப் போனதால், பாரம் இறங்கிய தரை இன்றும் மெல்ல நிமிர்கிறது. ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர். சமதளக் கடலடி என்பதால் அந்தச் சிறு உயர்வே ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் புது நிலத்தைத் தருகிறது. யுனெஸ்கோ 2006-ல் இதை உலக மரபிடமாக ஏற்றது. தாத்தா படகு கட்டிய துறையில் பேரன் காலத்தில் புல் முளைத்திருக்கும். படகுத்துறையைப் பெயர்த்துப் புது இடத்தில் கட்டுவார்கள். கடலிலிருந்து எழும் புது நிலம் யாருக்கு? கரைக்கு நேரே வீடு வைத்திருப்பவர் வளைத்துப்போட முடியாது. அந்த நீர்ப்பரப்பில் பங்குள்ள ஊராரின் கூட்டுச் சொத்தாகிறது.

தென்மேற்கே துர்க்கு நகரத்துக்கு வெளியே ஆயிரமாயிரம் தீவுகள். அவற்றை இணைக்கும் மஞ்சள் நிறப் படகுகளில் காரோடு ஏறினாலும் கட்டணம் இல்லை. பாலம் கட்ட முடியாத இடத்தில் படகுதான் சாலை, சாலைக்குக் காசு வாங்கலாமா என்பது அங்குள்ள நியாயம். தீவில் இருப்பவர் டவுனுக்கு வேலைக்குப் போவதும் பிள்ளை பள்ளிக்குப் போவதும் இந்தப் படகை நம்பித்தான்.

ஆனால் பால்டிக் கடல் சுகமாக இல்லை. டென்மார்க்கை ஒட்டிய குறுகிய நீரிணைகள்தான் அதற்கு வாசல். உள்ளே போன அழுக்கு வெளியேற ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆகும். வயல் உரம் ஆறுகளின் வழியே வந்து சேர, வெயில் நாளில் பாசி படர்ந்து குழந்தைகளை நீரில் இறங்கவிடாமல் செய்கிறது. 1974-ல் கரையோர நாடுகள் ஹெல்சிங்கியில் கூடி ஒப்பந்தம் போட்டன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் சாக்கடையைச் சுத்திகரிக்க ஃபின்லாந்தும் பணம் கொடுத்தது, 2005-ல் அங்கே பெரிய நிலையம் திறந்தது. அண்டை வீட்டுச் சாக்கடை நம் கிணற்றுக்கு வருகிறது என்றால் அவருக்குக் கொத்தனாரை அனுப்புவதே புத்தி. ஆனால் தென்மேற்கு வயல்களிலிருந்து வரும் சொந்த அழுக்கு இன்னும் நிற்கவில்லை. பாஸ்பரஸ் ஓடிப்போகாமல் பிடித்து வைக்க 2020-ல் வயல்களில் பெருமளவில் ஜிப்சம் தூவத் தொடங்கினார்கள்.

இருட்டும் உண்டு

மகிழ்ச்சி அறிக்கைக்காக மக்களிடம் கேட்கப்படும் கேள்வி எளிது: பூஜ்யம் முதல் பத்துப் படி உள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில்? ஃபின்லாந்துக்காரர் சராசரியாக 7.7 என்கிறார். சிரித்த முகத்தை யாரும் அதில் அளக்கவில்லை, விழுந்தால் தாங்க ஆள் உண்டா என்ற நிம்மதிதான் அந்த எண்ணில் தெரிகிறது.

அந்த நிம்மதியும் பழையதல்ல. 1990-ல் அந்நாட்டில் 1,500-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகின் மிக மோசமான விகிதங்களில் ஒன்று அது. வெளிச்சம் குறைந்த நீண்ட குளிர்காலம், குடி, பேசத் தயங்கும் ஆண்கள் என்று எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். ஃபின்லாந்து அப்படிச் சொல்லி ஓய்ந்துவிடவில்லை. 1987 ஏப்ரல் முதல் 1988 மார்ச் வரை நாட்டில் நடந்த 1,397 தற்கொலைகளையும் ஒன்றுவிடாமல் எடுத்து, உறவினரிடமும் மருத்துவரிடமும் பேசி, ஒவ்வொருவரும் ஏன் போனார் என்று கேட்டது. சொல்லாமல் மறைந்து கிடந்த மனச்சோர்வு, சிகிச்சைக்கு வராத குடிநோய் எல்லாம் வெளியே வந்தன. அதை வைத்துத் தேசியத் தடுப்புத் திட்டம் நடந்தது. இன்றைய எண்ணிக்கை 1990-ல் இருந்ததில் ஏறத்தாழ பாதி. இருட்டு அதே இருட்டுதான்.

காட்டுக்குள் போனால் வேறு காயங்கள் இருக்கின்றன. மரத்தொழிலுக்காக நாட்டின் சதுப்பு நிலங்களில் ஏறத்தாழ பாதியைக் கால்வாய் வெட்டி வடித்தார்கள். பழுப்புத் தண்ணீர் ஏரிகளுக்குள் இறங்கியது. வட கரேலியாவின் செல்கியே என்ற சிற்றூரில் 2010-ல் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. மேலே கரிச்சதுப்பு வெட்டும் இடத்திலிருந்து வந்த அமிலம்தான் காரணம். ஊர் எழுந்து நின்றது, வெட்டு நின்றது. தெரோ முஸ்தோனென் என்ற மீனவரும் புவியியலாளருமானவரின் தலைமையில் ஸ்னோசேஞ்ச் கூட்டுறவு அந்த நிலத்தில் மீண்டும் நீர் தேங்க வழி செய்தது, பிறகு அந்த நிலத்தையே வாங்கியது. லின்னுன்சுவோ என்ற அந்த இடத்தின் பெயருக்குப் பறவைச் சதுப்பு என்று பொருள். பெயருக்கேற்பப் பறவைகள் திரும்பி வந்தன. முஸ்தோனெனுக்கு 2023-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

எல்லாருக்குமான உரிமையின் நிழலில் ஓர் அநீதியும் வளர்ந்தது. காட்டு பெர்ரியை யாரும் பறிக்கலாம் என்பதால், கோடைதோறும் தாய்லாந்தின் ஏழைக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பறிக்க அழைத்து வந்தார்கள். தொழிலாளி என்ற பெயரே இல்லாததால் தொழிலாளியின் பாதுகாப்பும் அவர்களுக்கு இருக்கவில்லை. கடனில் வந்து கடனோடு திரும்பியவர்கள் உண்டு. ஆள்கடத்தல் வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. நல்ல வாழ்க்கை என்று ஒரு நாடு பெருமைப்படும்போது அது யார் முதுகில் என்று கேட்பது நம் கடமை. அங்குள்ள பத்திரிகைகளும் வழக்கறிஞர்களும் அதைக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வட கரேலியாவுக்கும் கவலைகள் தீரவில்லை. இளைஞர்கள் தெற்கே போகிறார்கள், சிற்றூர்ப் பள்ளிகள் மூடுகின்றன. 2023 இறுதியில் ரஷ்ய எல்லையை அடைத்ததிலிருந்து எல்லையோர வியாபாரமும் படுத்துவிட்டது.

ஆனாலும் அந்த நிலத்து மனிதர்களை நினைக்கும்போது என் கண்முன் வருவது சைமா ஏரிதான். அங்கே உலகில் வேறெங்கும் இல்லாத நன்னீர்ச் சீல் ஒன்று வாழ்கிறது. 1980களில் நூற்றைம்பது, இருநூறு என்ற அளவுக்கு இளைத்துப்போன இனம், இன்று ஐந்நூறை ஒட்டி இருக்கிறது. பிப்ரவரியில் உறைந்த ஏரியின் மேல், பனிக்குவியலுக்குள் வளை குடைந்து அது குட்டி போடும். பூமி சூடாகிப் பனி பெய்யாத குளிர்காலங்களில் குவியலுக்கு எங்கே போகும்? ஊர்க்காரர்கள் மண்வாரியோடு ஏரிமேல் நடந்து போய், கிடைத்த பனியைக் கரையோரமாகத் தள்ளிக் குவித்து வைத்துவிட்டு வருகிறார்கள். பனி வறண்ட ஆண்டுகளில் பெரும்பாலான குட்டிகள் அந்தக் குவியல்களில்தான் பிறந்தன.

1971 ஜனவரியில் வட கரேலியாக்காரர்கள் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபோது, ஃபின்லாந்தில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 66 ஆண்டு. இன்று 79.